சரக்கு விமானமா, ஜெட்டா? மின்னணுப் போருக்கும் பறக்கும் கட்டளை நிலையத்துக்கும் எந்தக் கூடு பொருந்தும்

எதிரியின் ரேடியோவையும் ரேடாரையும் அடைக்கும் மின்னணுப் போர் விமானமோ, களத்துக்கு மேலே நின்று கட்டளை தரும் விமானமோ வேண்டும் என்று ஒரு வான்படை முடிவெடுத்ததும், பேச்சு உடனே விமானத்தின் பெயருக்குப் போய்விடுகிறது. சி-130 சரக்கு விமானம் கையில் இருக்கிறதே, அதையே மாற்றிக்கொள்ளலாம் என்பார் ஒருவர். வணிக ஜெட் வாங்கினால் உயரமும் வேகமும் கிடைக்கும் என்பார் இன்னொருவர். விமானத்தின் பெயருக்கு முன் மூன்று எண்கள் மேசைக்கு வர வேண்டும்: வேலை செய்யவேண்டிய மிகத் தாழ்ந்த அலைவரிசை எது, உள்ளிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் எத்தனை கிலோவாட், உள்ளே உட்கார வேண்டியவர்கள் எத்தனை பேர். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

கையில் உள்ள வழிகள் நான்கு. சரக்கு விமானத்தை நிரந்தரமாக மாற்றுவது முதல் வழி. அமெரிக்காவின் ஈசி-130எச் காம்பஸ் கால், சீனாவின் ஒய்-8ஜி, சோவியத் காலத்து அன்-12பிபி, பிரான்சின் சி-160 காப்ரியேல் எல்லாம் இந்த வகை. சாதனங்களை ஒரு கூண்டுக்குள் கட்டி, வேண்டும்போது சரக்கு அறைக்குள் ஏற்றி, வேண்டாதபோது இறக்கிவைப்பது இரண்டாவது வழி. மூன்றாவது வணிக ஜெட். நான்காவது பயணிகள் விமானம். இதற்கிடையில் ஜப்பான் போல ஜெட் எஞ்சின் பூட்டிய சரக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீளம் ஒன்றுதான், அகலம் வேறு

காம்பஸ் கால் சாதனங்களை அமெரிக்க வான்படை இப்போது சி-130எச் கூட்டிலிருந்து (விமான உடலிலிருந்து) எடுத்து, கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550-ஐ அடிப்படையாகக் கொண்ட ஈஏ-37பி விமானத்துக்கு மாற்றிவருகிறது. ஒப்பிட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது, ஏனென்றால் வேலை ஒன்று, கூடு மட்டும் வேறு. சி-130எச் நீளம் சுமார் 29.8 மீட்டர், ஜி550 நீளம் 29.4 மீட்டர். வெளியிலிருந்து அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. உள்ளே நுழைந்தால்தான் வித்தியாசம் தெரியும். சி-130எச் சரக்கு அறை 12 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 3.1 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். ஜி550 கேபின் 2.24 மீட்டர் அகலம், 1.88 மீட்டர் உயரம். சி-130-இல் இரண்டு பக்கமும் சாதனங்களை அடுக்கும் ரேக் வைத்து, நடுவில் ஆள் நின்று பின்பக்கக் கனெக்டரைக் கழற்றலாம். ஜெட்டில் ரேக் ஒரு பக்கம், நடைவழி மறுபக்கம் என்று ஆகிவிடும். ரேக்கின் பின்புறத்தைத் தொட வேண்டுமென்றால் அதை முன்னுக்கு இழுக்க வேண்டும். பறக்கும்போது பழுது பார்ப்பதை இது பெருமளவு தடுக்கிறது.

ஈசி-130எச் குழு 13 பேர் கொண்டது. விமானத்தை ஓட்ட 4 பேர், சாதனங்களை இயக்க 9 பேர். அந்த 9 பேரில் ஒருவர் பறக்கும் பராமரிப்புத் தொழில்நுட்பர், பலர் மொழி அறிந்த கேட்பாளர்கள். எதிரியின் தகவல்தொடர்பைக் கேட்டு, எந்த இணைப்பை எப்போது அடைப்பது என்று முடிவெடுக்கும் வேலைக்கு அப்போது இவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள். இன்று அலைவரிசையைத் தேடுவதையும் வகைப்படுத்துவதையும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆட்கள் குறைந்ததும் சிறிய கூடு சாத்தியமாயிற்று. ஆக, ஜெட்டுக்கு மாறுவதற்கு முன் விடை காண வேண்டிய முதல் கேள்வி மென்பொருளைப் பற்றியது. உங்கள் சாதனம் இன்னும் 10 பேரைக் கேட்கிறதென்றால், கூட்டை மாற்றிப் பயனில்லை.

ஈசி-130எச் 1983-இல் செயல்பாட்டு நிலையை எட்டியது. 1989-இல் பனாமாவில் முதன்முறையாகப் போரில் ஈடுபட்டது. முதல் ஈஏ-37பி 2024 ஆகஸ்டில் அரிசோனாவின் டேவிஸ்-மாந்தன் தளத்துக்கு வந்தது. தொடக்கத்தில் திட்டமிட்டது மொத்தம் 10. பழைய விமானத்தின் சாதனங்களில் பெரும்பகுதி கழற்றப்பட்டுப் புதியதில் பூட்டப்படுகிறது. இது நடந்ததற்குக் காரணம், பல ஆண்டுகளாகச் சாதனத்தைக் கூட்டோடு இறுகப் பிணைக்காமல் தனி அடுக்காக வளர்த்துவந்ததுதான். எந்தக் கூட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒழுங்கை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடு 40 ஆண்டுகள் வாழும், ஜாமரின் (எதிரியின் சிக்னலை அடைக்கும் கருவியின்) மூளை 5 ஆண்டில் பழசாகும்.

உயரம் எவ்வளவு தருகிறது

ரேடியோ தொடுவானத்தை, அதாவது விமானத்திலிருந்து ரேடியோ அலை எட்டும் எல்லையைக் கணக்கிட எளிய வழி: மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. சி-130எச் வேலைசெய்யும் உச்ச உயரம் 25,000 அடி, அதாவது சுமார் 7,600 மீட்டர். அதற்கு விடை 359 கி.மீ. ஜி550 போன்றது 41,000 அடியில், சுமார் 12,500 மீட்டரில் பறந்தால் 460 கி.மீ. நூறு கி.மீ. கூடுதல். எதிரியின் ஏவுகணை வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டுமென்றால் இந்த நூறு கி.மீ. உயிர் காக்கும்.

ஆனால் தொலைவு கூடினால் ஆற்றலும் கூட வேண்டும். 359 கி.மீ.யிலிருந்து 460 கி.மீ.க்குப் பின்வாங்கினால் இலக்கை எட்டும் ஆற்றல் சுமார் 2 டெசிபெல் குறையும். இது சமாளிக்கக்கூடியது. தொலைவு இரு மடங்கானால் 6 டெசிபெல் போகும், அதாவது நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே உயரத்தின் உண்மையான பலன் தொலைவு மட்டுமல்ல, மலைமுகட்டுக்குப் பின்னால் இருக்கும் ரிசீவரையும் தொட முடிவதுதான். மலைப்பகுதியில் வேலை என்றால் ஜெட்டின் பக்கம் தராசு நன்றாகச் சாயும். சமவெளியிலோ கடல் மேலோ அந்த அளவுக்குச் சாயாது.

தாழ்ந்த அலைவரிசைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். 30 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மீட்டர், அரை அலை ஆன்டெனாவே 5 மீட்டர். ஒரே திசையில் ஆற்றலைக் குவிக்க இப்படிப் பலவற்றை வரிசையாக வைக்க வேண்டும். ஈசி-130எச் வாலுக்குக் கீழே விரிந்திருந்த கம்பி வரிசையும் இறக்கைக்குக் கீழே தொங்கிய உறைகளும் இதற்காகத்தான். ஜெட்டில் வயிற்றிலும் கன்னங்களிலும் புடைப்பு வைக்கலாம், ஆனால் 5 மீட்டர் கம்பிகளைக் காற்றில் நீட்ட முடியாது. 500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை என்றால் ஜெட்டே போதும். 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதிக ஆற்றல் வேண்டுமென்றால் பெரிய கூட்டை விட்டுவிடாதீர்கள். பென்சில்வேனியா தேசியக் காவல் வான்படையின் கமாண்டோ சோலோ விமானங்கள் ஏஎம், எஃப்எம், தொலைக்காட்சி அலைவரிசைகளில் ஒலிபரப்பியவை. 2022 செப்டம்பரில் கடைசி ஒலிபரப்பு முடியும்வரை அவை சி-130 கூட்டிலேயே இருந்தன.

மின்சாரமும் வெப்பமும்

பெரும்பாலான மாற்றங்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒரு மாதிரிக் கணக்கு: மொத்தம் 10 கிலோவாட் ரேடியோ ஆற்றலை வெளியிட வேண்டும், அகலப்பட்டை ஆம்ப்ளிஃபையரின் திறன் 25 விழுக்காடு என்று கொள்வோம். உள்ளே போகவேண்டியது 40 கிலோவாட். 30 கிலோவாட் வெப்பமாக மாறி உள்ளேயே நிற்கும். ரிசீவர், கணினி, கன்சோல்களுக்கு 12 கிலோவாட். 13 ஆட்களின் உடல் வெப்பம் தலைக்கு 100 வாட். எல்லாம் சேர்த்தால் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 43 கிலோவாட்டைத் தாண்டும்.

மின்சாரம் சி-130எச்-இல் பெரிய சிக்கலில்லை. நான்கு எஞ்சினுக்கும் தலா ஒரு 40 கேவிஏ (மின்திறன் அலகு) ஜெனரேட்டர், 400 ஹெர்ட்ஸ் மூன்று கட்டம். ஒரு எஞ்சினை நிறுத்த நேர்ந்தாலும் 120 கேவிஏ மிஞ்சும். அதில் விமானத்தின் சொந்தத் தேவை போனாலும் ஜாமருக்கு வழி இருக்கிறது. இரண்டு எஞ்சின் ஜெட்டில் ஒரு எஞ்சின் போனால் பாதி மின்சாரம் போய்விடும். அதனால் ஜாமிங் விமானமாக மாற்றும் ஜெட்டுகளில் கூடுதல் ஜெனரேட்டர் பொருத்துவது விருப்பத்துக்குரியதல்ல, கட்டாயம். எந்தச் சுமையை எந்த வரிசையில் துண்டிப்பது என்ற பட்டியலை மின்சார வடிவமைப்போடு சேர்த்தே எழுதுங்கள். அதைச் சோதனைப் பறப்பின்போது எழுத உட்கார்ந்தால், ஜெனரேட்டர் ஒன்று விழுந்ததும் ரிசீவரும் சேர்ந்து அணையும்.

வெப்பம் கடினமானது. 30 கிலோவாட்டை நீரும் கிளைக்காலும் கலந்த குளிர்விப்புத் திரவத்தால் எடுத்துச்செல்ல, திரவத்தின் வெப்பநிலை 10 பாகை உயர அனுமதித்தால், நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் ஓட வேண்டும். அந்தத் திரவத்தைக் குளிர்விக்க வெளிக்காற்றில் வெப்பமாற்றி வேண்டும். ஈசி-130ஈ கட்டளை விமானங்களில் எஞ்சின்களுக்கு முன்புறம் இரண்டு பெரிய காற்று வாய்கள் தனியே துருத்திக்கொண்டிருந்தன. பார்த்தவர்கள் அவற்றை மிக்கி மவுஸ் காதுகள் என்று அழைத்தார்கள். உள்ளே இருந்த ரேடியோக்களையும் கணினிகளையும் குளிர்விக்க விமானத்தின் வழக்கமான ஏசி போதவில்லை என்பதற்கு அந்தக் காதுகளே சான்று.

தரையில் நிற்கும்போதுதான் வெப்பம் அதிகமாகக் கடிக்கும். புறப்படும் முன் சாதனங்களை இயக்கிச் சோதித்தாக வேண்டும். எஞ்சின் ஓடவில்லை, காற்று ஓட்டமில்லை, தார்த்தளம் 50 பாகையில் கொதிக்கிறது. தரைக் குளிரூட்டும் வண்டி இல்லாமல் மின்சாரம் கொடுத்தால், 20 நிமிடத்தில் ஏதாவது ஒரு ஆம்ப்ளிஃபையர் வெப்பக் காப்பில் அணைந்துவிடும், பறப்பு தாமதமாகும். ஒரு விமானத்துக்கு ஒரு வண்டி, கூடுதலாக ஒன்று என்று கொள்முதல் பட்டியலில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அழுத்தமும் இதோடு சேர்ந்தது. சி-130-இன் சரக்கு அறை முழுவதும் அழுத்தமூட்டப்பட்டது. அன்-12-இல் அப்படியில்லை: விமானிகள் அறையும் அதற்குப் பின்னால் 14 பேர் உட்காரும் சிறிய அறையும் மட்டும்தான் அழுத்தம் காத்தன, சரக்கு அறை வெறும் வெளிக்காற்றில் இருந்தது. 7,600 மீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் 38 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த மெல்லிய காற்றில் உயர்மின்னழுத்தம் எளிதில் பாயும். தரையில் 30 கிலோவோல்ட்டைத் தாங்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அங்கே பாதிக்கும் கீழான மின்னழுத்தத்திலேயே தீப்பொறி விடும். வெற்றிடக்குழல் ஆம்ப்ளிஃபையர் வைத்தவர்கள் இதை எரிந்த மின்வழங்கிகளைப் பார்த்துத்தான் கற்றார்கள். அலைவழிக்குழாய்களுக்குள் உலர்ந்த காற்றை அழுத்தி அடைப்பதும், மின்வழங்கியை மூடிய பெட்டிக்குள் வைப்பதும் இதனால்தான். அன்-12 வழிவந்த ஒய்-8-ஐச் சீனா பின்னாளில் முழு அழுத்தக் கூடாக மாற்றிக்கொண்டது. அதன் பிறகுதான் அந்தக் குடும்பம் மின்னணுப் போர், கட்டளை, உளவியல் போர் என்று கிளைவிரித்தது. அழுத்தமில்லாத பழைய சரக்கு விமானம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அழுத்தக் கூண்டுக்கான விலையையும் எடையையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

68 ஹெர்ட்ஸ்

சி-130எச் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,020 சுற்று, வினாடிக்கு 17. நான்கு இதழ், எனவே 68 ஹெர்ட்ஸில் விடாத அதிர்வு. புதிய வடிவமான சி-130ஜே-இல் அதே சுழற்சி, ஆறு இதழ், எனவே 102 ஹெர்ட்ஸ். ரேக்கைத் தாங்கும் ரப்பர் அல்லது கம்பிச்சுருள் தாங்கி அதிர்வைத் தடுக்க வேண்டுமென்றால், அதன் சொந்த அதிர்வெண் 68-இல் பாதிக்கும் கீழே இருப்பது நல்லது. ஆனால் 17-க்கு அருகே போய்விடக் கூடாது. 25 ஹெர்ட்ஸில் வைத்தால் 68 நன்றாக அடங்கும். அதே சமயம் புரொப்பெல்லர் சமநிலை கெட்டுவரும் 17 ஹெர்ட்ஸ் அதிர்வு ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகி ரேக்குக்குப் போகும். சரக்கு ஏற்றும் விமானத்தில் பொறுத்துக்கொள்ளும் சமநிலைப் பிழையை மின்னணுப் போர் விமானத்தில் பொறுக்கக் கூடாது. புரொப்பெல்லர் சமநிலைச் சோதனையின் இடைவெளியைக் குறைத்துவிடுங்கள்.

இது தவறினால் முதலில் தளர்வது ரேடியோ கனெக்டர்கள். திருகுவகைக் கனெக்டர் கால் திருப்பு தளர்ந்தாலே தொடர்பு சீர்கெட்டு, இரண்டு சிக்னல்கள் கலந்து மூன்றாவதாக ஒரு பொய்ச் சிக்னல் பிறக்கும். அதை எதிரியின் ரேடியோ என்று நினைத்து மணிக்கணக்கில் துரத்த நேரும். குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்கி, பூட்டுக்கம்பி கட்டி, வண்ணக்கோடு வரைந்துவிட்டால் தளர்ந்ததைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எச் கூட்டில் தேறிய சாதனத்தை ஜே கூட்டுக்குக் கொண்டுபோகும்போது பழைய சான்றிதழ் செல்லாது, அதிர்வுச் சோதனையை 102 ஹெர்ட்ஸுக்கு மறுபடி செய்தாக வேண்டும். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேரே உள்ள உடற்பகுதிதான் இரைச்சல் மிகுந்த இடம். அங்கே ஆளை உட்கார வைக்காமல் ரேக்கை வையுங்கள்.

சுழலும் உலோக இதழ்கள் ஊடே பார்க்கும் ஆன்டெனாவில் வாங்கும் சிக்னலும் 68 ஹெர்ட்ஸில் ஏறி இறங்கும். திசை காணும் ஆன்டெனாக்களுக்கு இது நஞ்சு. ஜெட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. மிகத் துல்லியமாகத் திசை காண வேண்டிய உளவு வேலைக்கு ஜெட்டை நான் முன்னிறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரான்ஸ் 1989 முதல் பறந்த தன் இரண்டு சி-160 காப்ரியேல் விமானங்களுக்கு 2022-இல் ஓய்வு கொடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு மூன்று ஃபால்கன் 8எக்ஸ் ஜெட்டுகளைத் தேர்ந்தெடுத்தது.

கழற்றி மாட்டும் கூண்டு

ஏபிசிசிசி என்ற சுருக்கப்பெயரில் அறியப்பட்ட ஈசி-130ஈ கட்டளை விமானங்கள், வியட்நாம் போர்க்காலத்தில் தொடங்கி 2002 வரை பறந்தவை. பிற்கால வடிவில் 40 அடி நீளமும் சுமார் 9 டன் எடையும் கொண்ட ஒரே கூண்டு, தண்டவாளத்தில் உருண்டு சரக்கு அறைக்குள் போகும். அதற்குள் 15 கணினிக் கன்சோல்கள், மறையீடு செய்யத்தக்க 23 ரேடியோக்கள். கூண்டை இறக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு சரக்கு விமானம். 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில் பிணைக்கைதிகளை மீட்கப் போன நடவடிக்கையில், இந்த வகை விமானங்களில் மூன்று, தம் கட்டளைக் கூண்டுகளைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டர்களுக்கான எரிபொருள் பைகளை ஏற்றிக்கொண்டு சென்றன. வானிலேயே எரிபொருள் வாங்கும் வசதி இவற்றில் இருந்தது இதற்கு உதவியது. அங்கே ஹெலிகாப்டர் ஒன்று இவற்றில் ஒன்றின் மீது மோதி, 8 பேர் உயிரிழந்தார்கள்.

கூண்டு முறை கட்டளை வேலைக்குப் பொருந்துகிற அளவுக்கு மின்னணுப் போருக்குப் பொருந்தாது. கட்டளைக் கூண்டுக்கு வேண்டியது குரலும் தரவும் போய்வருவது. கேபிள் நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் பேச்சு கேட்கும். திசை காணும் சாதனத்துக்கு அது போதாது. ஒவ்வொரு முறை கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதும் சிக்னலின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) சற்றே மாறும், திசைக் கணக்கு தவறும், மறுபடி அளவொப்புப் பறப்பு (அளவைச் சரிபார்க்கும் பறப்பு) நடத்த வேண்டும். சீனியர் ஸ்கௌட் என்ற அமெரிக்கக் கூண்டு இதற்குக் கெட்டிக்காரத்தனமான விடை கண்டது: பாராசூட் வீரர் குதிக்கும் கதவுகளுக்குப் பதிலாக ஆன்டெனா பதித்த கதவுகளை மாட்டினார்கள். விமானத்தின் தோலில் புதிதாக ஓட்டை போடத் தேவையில்லை. ஆன்டெனாவும் ரிசீவரும் ஒரே தொகுப்பாக வருவதால் அளவொப்பும் பெருமளவு நிலைக்கிறது.

கூண்டு வாங்குவோர் மறந்துவிடும் செலவுகள் இரண்டு. ஏபிசிசிசி-இல் கண்டது போல, கூண்டு இறங்கினாலும் ஆன்டெனாக்கள், வெப்பமாற்றிகள், கேபிள்கள், தண்டவாளங்கள் விமானத்திலேயே தங்கும். அந்த எடையைச் சுமந்தபடி அது அரைகுறைச் சரக்கு விமானமாகத்தான் பறக்கும். எல்லா விமானத்திலும் எந்தக் கூண்டும் பொருந்தும் என்ற கனவு, கம்பியிடும் செலவைப் பார்த்ததும் நான்கைந்து விமானமாகச் சுருங்கிவிடும். இரண்டாவது, சரக்குக்கு முன்னோக்கி 3 ஜி விசையைத் தாங்கும் கட்டு போதும். ஆள் உட்காரும் கூண்டின் இருக்கையும் ரேக்கும் அதைவிடப் பல மடங்கு தாங்க வேண்டும், அவசர வழியும் வேண்டும். இதற்கான சான்றிதழ் வேலை சாதன வேலையைவிட நீளும்.

இன்று கட்டளைக்கு வேறொரு வழியும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஈ-11ஏ ஒரு வணிக ஜெட். விமானிகள் இருவர் மட்டும் பறப்பார்கள், விமானம் பல்வேறு ரேடியோ முறைகளுக்கு இடையே பாலமாக நிற்கும், முடிவெடுப்பவர்கள் தரையில் இருப்பார்கள். எதிரி செயற்கைக்கோள் இணைப்பைத் தொட முடியாத சூழலில் இது மிகச் சிக்கனமான வழி. எதிரியிடமும் நல்ல ஜாமர் இருந்தால், தரையோடு இணைப்பு அறுந்ததும் மேலே நிற்பது வெறும் ரேடியோப் பெட்டி. அப்படிப்பட்ட எதிரிக்கு முன்னால் ஐந்தாறு பேரையாவது மேலே உட்கார வைக்கும் கூண்டு ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும்.

கம்பி தொங்கவிடும் வேலை

நீர்மூழ்கிகளுக்கு அணு ஆயுதக் கட்டளையை அனுப்பும் விமானம் தனி இனம். கடல்நீருக்குள் ஊடுருவும் மிகத் தாழ்ந்த அலைவரிசை வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 15 கி.மீ., அரை அலைக்கு 7.5 கி.மீ. விமானம் அத்தனை நீளக் கம்பியைப் பின்னால் விட்டு, சாய்ந்தபடி சிறிய வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கம்பியின் கீழ்ப்பகுதி கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தொங்கும். செங்குத்தாகத் தொங்கினால்தான் ஆற்றல் உரியபடி பரவும். மெதுவாக, இறுக்கமான வட்டத்தில், மணிக்கணக்கில் சுற்றுவது சி-130 போல புரொப்பெல்லர் பூட்டிய டர்போபுராப் விமானத்துக்கு இயல்பு. ஜெட்டுக்கு அது வேகக்குறைவின் விளிம்பில் நடக்கும் வேலை, காற்று மாறும்போது கம்பி ஊசலாடினால் சமாளிக்க இடம் குறைவு.

அமெரிக்கக் கடற்படை இதற்கு முன்பு ஈசி-130க்யூ வைத்திருந்தது. 1989 முதல் போயிங் 707 வழிவந்த ஈ-6 வந்தது. 1998-இல் அதே விமானம் வான்படையின் பறக்கும் கட்டளை நிலைய வேலையையும் சேர்த்து ஏற்றது. இப்போது மறுபடி சி-130-க்கே திரும்புகிறார்கள்: 2024 டிசம்பரில் நார்த்ராப் கிரம்மன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம், கூடு சி-130ஜே-30, பெயர் ஈ-130ஜே. இதில் பறக்கும் கட்டளை நிலைய வேலை சேராது, கம்பி வேலை மட்டும்தான். இரண்டு வேலையை ஒரே கூட்டில் ஏற்றினால் பெரிய விமானம் வேண்டும், சிறிய படை, ஒன்று பழுதானால் இரண்டும் நிற்கும். இதைப் பிரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பிரான்சும் இதே வேலைக்கு நான்கு சி-160 அஸ்தார்தே விமானங்களை 2001 வரை வைத்திருந்தது. இந்த வேலைக்குச் சரக்கு விமானமா ஜெட்டா என்று நீண்ட விவாதம் தேவையே இல்லை.

எத்தனை விமானம் வாங்க வேண்டும்

ஒரு புள்ளிக்கு மேலே 24 மணி நேரமும் ஒரு விமானம் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தளத்திலிருந்து புள்ளி 1,500 கி.மீ. தொலைவு. சி-130 மணிக்கு 500 கி.மீ., மொத்தம் 10 மணி நேரம் பறக்கும் என்றால், போக 3, வர 3, நிற்பது 4 மணி நேரம். ஒரு நாளுக்கு 6 பறப்பு. ஜெட் மணிக்கு 860 கி.மீ., 11 மணி நேரம் பறக்கும் என்றால், போகவர 3.5, நிற்பது 7.5 மணி நேரம். நாளுக்கு 4 பறப்பு. விமானம் ஒன்றுக்கு நாளில் ஒரு பறப்பு, பத்தில் ஆறு விமானம் தயார்நிலை என்று கொண்டால், சி-130 என்றால் 10 வாங்க வேண்டும், ஜெட் என்றால் 7 போதும். எரிபொருளும் குறையும். சி-130 மணிக்குச் சுமார் 2 டன் குடிக்கும், ஜெட் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் நிற்கும்.

இதே கணக்கைப் புள்ளி 300 கி.மீ. தொலைவில் என்று போட்டுப் பாருங்கள். சி-130 நிற்பது 8.8 மணி, ஜெட் 10.3 மணி. இரண்டுக்குமே நாளுக்கு 3 பறப்பு. ஜெட்டின் வேகத்துக்கு அங்கே பயனே இல்லை. எல்லைக்கு அருகே தளம் வைத்திருக்கும் நாடு, பெருங்கடல் தாண்டிப் போர் புரியும் நாட்டின் முடிவை நகல் எடுத்தால் இந்த இடத்தில்தான் ஏமாறும்.

வானில் எரிபொருள் வாங்கும் வசதி இருந்தால் சி-130-இன் கணக்கு மேம்படும், ஒரு முறை நிரப்பி 4 மணி நேரம் கூட்டினாலே தொலைதூரத்திலும் 3 பறப்புக்கு வந்துவிடும். வணிக ஜெட் பொதுவாக இந்த வசதி இல்லாமல்தான் வரும். பொருத்த முடியாது என்றில்லை, இந்தியாவின் நேத்ரா வான்வழிக் கண்காணிப்பு விமானத்தில் எம்ப்ரேயர் 145 கூட்டுக்கு எரிபொருள் ஏற்கும் குழாய் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். அதற்குத் தனிச் சான்றிதழ், தனிப் பறப்புச் சோதனை, தனி ஆண்டுகள்.

ஓடுபாதை இன்னொரு வடிகட்டி. சரக்கு விமானம் மண் ஓடுபாதையிலும் இறங்கும். ஜெட்டுக்குத் தார் அல்லது கான்கிரீட், அதுவும் கல் பொறுக்கிய சுத்தமான பாதை வேண்டும். போரில் முதலில் அடிபடுவது பெரிய ஓடுபாதைகள்தான்.

எது உயிரோடு திரும்பும்

பெரிய விமானம் எதுவும் தன் சிக்னலை மறைக்க முடியாது, ஜாமர் ஒலிக்கும்போது அதன் இடம் எதிரிக்குத் தெரியும். 2024 ஜனவரி 14 அன்று அசோவ் கடல் பகுதியில் இல்-76 சரக்கு விமானத்தின் வழிவந்த ரஷ்யாவின் ஏ-50 ரேடார் கண்காணிப்பு விமானம் ஒன்றை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. அதே இரவு தாக்கப்பட்ட இல்-22 கட்டளை விமானம் ஒன்று வாலெங்கும் துளைகளோடு தரையிறங்கிய படங்கள் வெளிவந்தன. ஒன்று ஜெட், இன்னொன்று டர்போபுராப். ஏவுகணை வட்டத்துக்குள் வந்தால் இரண்டும் அடிபடும். ஏவுகணை வருவது தெரிந்தபின் விலகி ஓடுவதில் ஜெட்டுக்கு ஒரு நிமிடத்தில் 14 கி.மீ., சி-130-க்கு 8 கி.மீ. இந்த 6 கி.மீ. சில நேரம் காப்பாற்றும். நிற்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது பல நேரம் காப்பாற்றும்.

எதிரி இல்லாமலும் விபத்து நேரும். 2006 ஜூன் 3 அன்று ஒய்-8 குடும்பத்தைச் சேர்ந்த கேஜே-200 ரேடார் கண்காணிப்பு விமானம் ஒன்று சீனாவின் அன்ஹுய் மாநிலத்தில் விழுந்து 40 பேர் இறந்தார்கள், இறக்கையில் பனி படிந்ததே காரணம். முதுகிலும் வயிற்றிலும் புதிய உருவங்களைச் சுமக்கும் விமானத்துக்கு அடிப்படை விமானத்தின் பனிப் பறப்பு எல்லைகள் அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது, அவற்றை மறுபடி அளக்க வேண்டும். சோதனைப் பறப்பில் தேவைக்கு மேல் ஒரு பொறியாளரைக்கூட ஏற்றக் கூடாது. ஒரு துறையின் அறிவு முழுவதும் ஒரே விமானத்தில் உட்காரும் வாய்ப்பு இந்த வேலையில் எப்போதும் உண்டு.

ஜப்பான் வழி இங்கே கவனத்துக்குரியது. கவாசாகி சி-2 இரட்டை ஜெட் சரக்கு விமானம், 40,000 அடி உயரத்தை எட்டும், அகன்ற உடல். அதன் சிக்னல் உளவு வடிவமான ஆர்சி-2, 2020 அக்டோபரில் இருமா தளத்தில் பணியில் சேர்ந்தது. தொலைவிலிருந்து ஜாமிங் செய்யும் ஈசி-2-உம் அதே கூட்டில் உருவாகிறது. உயரம், அகலம், பெரிய ஆன்டெனா மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. விலை அதிகம், ஆனால் அந்த விமானத்தைச் சரக்குக்காக ஏற்கெனவே வாங்கிவைத்திருப்பதால் உதிரிபாகமும் பயிற்சியும் பொதுவாகிவிடும்.

நான் வாங்கும் குழுவில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். நீர்மூழ்கிக்குக் கம்பி தொங்கவிடும் வேலைக்கு நான்கு எஞ்சின் டர்போபுராப் சரக்கு விமானம். 500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ரேடாரையும் தரவு இணைப்பையும் அடைக்க, மென்பொருளால் ஆள் குறைந்திருந்தால், வணிக ஜெட், கூடுதல் ஜெனரேட்டரோடு. தாழ்ந்த அலைவரிசையில் அதிக ஆற்றலோடு தகவல்தொடர்பை அடைக்கவும் ஒலிபரப்பவும் அழுத்தமூட்டிய சரக்கு விமானத்தின் நிரந்தர மாற்றம். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் களக் கட்டளைக்கு இரண்டு கூண்டுகள், அவற்றுக்குக் கம்பியிட்ட நான்கு விமானங்கள். கையில் சி-130எச் மட்டும்தான் இருக்கிறது, படை ஜே-க்கு மாறிக்கொண்டிருக்கிறது என்றால், எச் கூட்டில் ஒரு ரூபாய் கூடச் செலவிடாதீர்கள். மற்ற எச் விமானங்கள் ஓய்வுபெற்ற பின், மாற்றியமைத்த ஐந்தாறு விமானங்களுக்காக மட்டும் எஞ்சின் பட்டறையும் புரொப்பெல்லர் பட்டறையும் திறந்திருக்க வேண்டியிருக்கும்.